தவமணி தனியாக ரயிலேறிய நாள்

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. முழங்கால் சேற்றில் நின்றபடி வாய்க்கால் வாயைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வயலின் கடைசி வரம்புக்கு அப்பால் கொஞ்சம் பற்றை, அதற்கு அப்பால் ரயில்பாதை. வடக்கே இருந்து வரும் காலை ரயில் கிளிநொச்சியில் நின்று புறப்பட்டு, வேகம் பிடிக்க முன்னரே எங்கள் வயலைக் கடந்துவிடும். அதில் போகிற முகங்களைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். அன்றும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

மூன்றாவது பெட்டியில், யன்னலோரத்தில், என் மனைவி இருந்தாள்.

கத்தரிப்பூ நிறச் சேலை. நெற்றியில் பெரிய பொட்டு. மடியில் எங்கள் வீட்டுச் சின்னச் சூட்கேஸ். என்னைக் கண்டாள் என்பதில் சந்தேகமே இல்லை, அவ்வளவு கிட்ட. ஆனால் அவள் கையசைக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. வழியில் தென்படும் குளத்தையும் கொக்கையும் பார்ப்பதுபோல என்னையும் பார்த்தாள். பார்த்தபடியே போய்விட்டாள்.

ரயிலின் கடைசிப் பெட்டி மறைந்த பிறகும் நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

இந்தத் தொடரில் இத்தனை கிழமையும் காடு வெட்டிய கதையும் யானை கலைத்த கதையும்தான் எழுதினேன். போன கிழமை இதழை வாசித்து முடித்த தவமணி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்கடை யானையள் எல்லாம் வந்து முடிஞ்சுதோ? நான் எப்ப வருவன்?"

இதோ வந்துவிட்டாள். ரயிலில் வந்திருக்கிறாள்.

நாலு நாள்

தவமணி ஒரு ஸ்ரேசன் மாஸ்ரரின் மகள். தகப்பனுக்கு இடமாற்றம் வரும்போதெல்லாம் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகப் போய், ரயில் குவாட்டஸ்களிலேயே வளர்ந்தவள். சிங்களம் தண்ணீர் போல வரும். நானோ வடமராட்சியில் புகையிலைத் தோட்டக்காரன் மகன். கலியாணத்துக்கு முன் நான் பார்த்த அதிதூரம் யாழ்ப்பாணப் பட்டினம்.

இரணைமடுக் குளத்தின் கீழ் எனக்குக் காணி கிடைத்தபோது எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சொந்தக்காரர் எல்லோரும் "பெட்டையைக் காட்டுக்குள்ளை கொண்டுபோய் விடப்போறான்" என்று கண்ணீர் வடித்தார்கள். தவமணி மட்டும் அழவில்லை. என்னைக் கதிரையில் இருத்தி, எதிரே தானும் இருந்து, விதானையார் விசாரிப்பதுபோல விசாரித்தாள்.

"கிணத்துத் தண்ணி நல்லதோ?"

"நல்ல தண்ணி."

"கிட்டத்திலை பள்ளிக்கூடம் வருமோ?"

"வரும் எண்டு சொல்லுகினம்."

"சரி, வாறன். வருசத்திலை முந்நூற்றி அறுபத்தொரு நாளும் உங்களோடை சேத்துக்கை நிப்பன். நாலு நாள் எனக்கு வேணும். எங்கையாவது போய் ஒரு புது இடம் பார்க்கவேணும். நாங்கள் ரெண்டு பேரும்தான். அந்த நாலு நாளும் நான் அடுப்படிக்குப் போகமாட்டன்."

"பிள்ளையள் பிறந்தால்?"

"பிறந்தாலும் நாங்கள் ரெண்டு பேரும்தான்."

புதுமாப்பிள்ளைக்கு எதுவும் பெரிதாகத் தெரியாது. தலையாட்டினேன்.

பிள்ளைகள் பிறந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஆனால் தலையாட்டியது தலையாட்டியதுதான். மாசி மாதம் அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும், கலியாணம் கட்டாத என் அக்கா அன்னம்மா ஊரிலிருந்து பலகாரப் பெட்டியோடு வந்து இறங்குவா. வீட்டையும் பிள்ளைகளையும் அவாவிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் இருவரும் வெளிக்கிடுவோம்.

குடியேற்றத்தில் இது பெரிய கதை. "பெத்ததுகளை விட்டிட்டு ஊர் சுத்தப் போகினம்" என்று கிணற்றடியில் கதைப்பார்கள். தவமணியின் காதில் விழும்படியாகவும் கதைப்பார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு, "ஓம், இந்த முறை திருகோணமலை. உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்டுவிட்டு வருவாள்.

மெழுகுதிரி

பிள்ளைகள் இல்லாமல் ஆணும் பெண்ணும் ஊர் பார்க்கப் போவதை அந்தக் காலத்தில் வெளியூரிலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். கண்டியில் ஒரு தங்குவிடுதிக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வந்த சோடி என்று நினைத்துவிட்டார். தவமணி சிங்களத்தில் இரண்டே வசனம் சொன்னாள். மனிதர் உடனே அறைத் திறப்பைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தந்ததோடு, பின்னாலேயே சுடுதண்ணீரும் அனுப்பினார். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

நாடு கொதித்துக் கிடந்த ஒரு வருடம் தெற்கே போக மனம் வரவில்லை. பஸ்ஸில் முல்லைத்தீவுக்குப் போனோம். கடற்கரையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் எங்களைத் தங்கவைத்தது. வீட்டுக்காரி மாக்கிரேத்தம்மா. நாலு நாளும் மீனும் இறாலுமாக எங்களைத் திணறடித்த மனுசி.

இரண்டாம் நாள் அவா தவமணியின் பக்கத்தில் வந்திருந்து, "எத்தினை வருசம் கலியாணமாகி?" என்று கேட்டா. "எட்டு வருசம்" என்றாள் தவமணி. மாக்கிரேத்தம்மாவின் முகம் வாடிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தோனியார் கைவிடமாட்டார், பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனா. தவமணிக்கு விளங்கி, மூன்று பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவா கோயிலுக்குப் போய் எங்களுக்காகப் பெரிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவிட்டு வந்துவிட்டா.

"இனி எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் தவமணி என்னிடம். "ஏத்தின திரியை ஊதி நூர்க்கச் சொல்லுறதோ?"

நாங்கள் சொல்லவில்லை. அந்த வருடம் கார்த்திகையில் எங்கள் நாலாவது பிள்ளை, ஒரு மகன், பிறந்தான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு முருகனின் பெயர். வீட்டில் இன்றைக்கும் அந்தோனிதான்.

பெரியவர் வருகிறார்

இனி என் பிழைக்கு வருகிறேன்.

அந்த வருடம் அந்தோனிக்கு மூன்று வயது. தவமணியின் தகப்பனார் அதற்கு முந்திய ஆவணியில் காலமாகியிருந்தார். அறுவடை நல்லபடி முடிந்தது. அக்காவும் வந்துவிட்டா. வெளிக்கிட இன்னும் ஒரு கிழமை இருந்தது.

அப்போதுதான் மாவட்ட அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெரியவர், பெரிய அதிகாரி, எங்கள் வயல்களைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் கமக்காரர் கூட்டத்தில் ஒரே பரபரப்பு. வாய்க்காலுக்குச் சீமெந்து கேட்க வேண்டும், வரவேற்புப் பத்திரம் வாசிக்க வேண்டும். யார் வாசிப்பது? "தம்பிதான் நல்லா எழுதும், குரலும் இருக்கு" என்றார் பக்கத்து வயல் கந்தையா அண்ணன். வாசிப்பவர்தான் அடுத்த தலைவர் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியவர் வருவது எங்கள் நாலு நாளில் இரண்டாம் நாள்.

"நான் நிப்பன்" என்றேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

நாலு பக்கம் எழுதினேன். மாட்டுக்கொட்டிலில் நின்று சத்தம்போட்டு வாசித்துப் பழகினேன். மாடுகள் ஆர்வமாகக் கேட்டன. தவமணிக்கு மட்டும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம் என்று இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் கிணற்றடியில் கந்தையா அண்ணனின் மனைவி அவளுக்குச் சொல்லிவிட்டா.

அன்று பின்னேரம் தவமணி குசினி வாசலில் நின்று கேட்டாள்: "பெரியவருக்கு நீங்களோ வாசிக்கிறியள்?"

"ஓம்."

"அது எங்கடை நாள் எண்டு தெரியுமோ?"

"இஞ்சை பாரும், அடுத்த மாதம் போவம். பார்க்கிற இடம் எங்கையும் ஓடிப்போகாது."

"இடம் ஓடாதுதான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்குத் தந்த நாளை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்கிறியள். குடுக்க முந்தி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அதற்குப் பிறகு சில நாள் போயின. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. உடுப்பு தோய்ந்து வந்தது. கதை மட்டும் வரவில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நாலு நாளில் முதல் நாள் வந்தது; மறுநாள் பெரியவர் வரும்போது வரம்புகள் வடிவாக இருக்கவேண்டும் என்று காலையிலேயே மண்வெட்டியோடு வயலுக்குப் போய்விட்டேன்.

அங்கே நிற்கும்போதுதான் ரயில் போனது.

அக்கா சொன்னது

சேற்றோடு வீட்டுக்கு ஓடினேன். அக்கா முற்றத்தில் இருந்து மூத்தவள் வசந்திக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தா. அந்தோனி பக்கத்தில் இருந்து முட்டை தின்றுகொண்டிருந்தான். ஒருவர் முகத்திலும் ஒரு பதற்றமும் இல்லை.

"அக்கா, தவமணி எங்கை?"

"ரயிலிலை."

"எங்கை போறா?"

"அது உனக்கெல்லோ தெரிஞ்சிருக்கவேணும்? என்னட்டைக் கேக்கிறாய்."

"அம்மா நாலு நாளிலை வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவா, அப்பா" என்றாள் வசந்தி. "நீங்கள் பெரியவரைப் பார்த்து முடிய வருவா."

எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. ஊர் என்ன சொல்லும்? தனியாக ஒரு பெண், ரயிலில், நாலு நாள்! "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை இழுத்தேன்.

"தம்பி, நில்லடா."

அக்கா சீப்பைக் கீழே வைத்தா. என்னைத் தூக்கி வளர்த்த அக்கா. நான் காணிக்கு விண்ணப்பம் போட்டபோது வீட்டில் எனக்காக வாதாடிய ஒரே ஆள்.

"கூட்டிக்கொண்டு வரப் போறதெண்டால் போகாதை. கூடப் போறதெண்டால் ஓடு."

சைக்கிளில் ஏறி மிதித்த அந்த ஒன்றரை மைலிலும் "கூட" என்ற அந்த ஒரு சொல்தான் காதில் நின்றது. பெரிய ரோட்டுக்கு வரும்போதும் நான் எதற்குப் போகிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

முறிகண்டியில் நின்ற லொறி

நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று வந்தது. கையைக் காட்டி நிற்பாட்டினேன். சாரதி செல்லத்துரை நெளுக்குளத்துக்காரன். எங்கள் பக்கம் அடிக்கடி நெல் ஏற்ற வருபவன். சைக்கிளைத் தேத்தண்ணிக் கடையில் விட்டுவிட்டு ஏறினேன்.

"வவுனியாவுக்கு. கெதியா விடும், தம்பி. ரயிலைப் பிடிக்கவேணும்."

"ரயில் போய் எவ்வளவு நேரம்! ஏன், ஆர் போகினம்?"

"மனிசி."

அவன் என் சேற்றுக் காலையும் கிழிந்த பெனியனையும் ஒருமுறை பார்த்தான். லொறியை மிதித்தான்.

நல்ல வேளையாக அது எல்லா ஸ்ரேசனிலும் நின்று போகிற ரயில். மாங்குளத்தில் எதிரே வருகிற ரயிலுக்காகக் காத்தும் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிடிக்கலாம். ஆனால் இடையில் முறிகண்டி இருந்தது.

வன்னியால் போகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நின்றுதான் போகும். செல்லத்துரை வேகத்தைக் குறைப்பதைக் கண்டதும் நான் அவன் கையைப் பிடித்தேன்.

"தம்பி, இண்டைக்கு ஒரு நாள் நிக்காமல் போவமே? திரும்பி வரேக்கை நானே தேங்காய் உடைக்கிறன்."

"என்ன கதை கதைக்கிறியள், அண்ணை? மனிசி கோவிச்சால் நாலு நாளிலை வருவா. பிள்ளையார் கோவிச்சால் ஓமந்தைக்கு இஞ்சாலை ரயர் போகும்."

இறங்கினான். கற்பூரம் கொளுத்தினான். தேங்காய் உடைத்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பிறகு கச்சான் வாங்கினான். சூடாக இருக்கிறதா என்று ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு வேறொரு கடலைக்காரியிடம் போனான். நான் பிள்ளையாரிடம் என்ன கேட்டேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. மரியாதையாகக் கேட்கவில்லை.

மாங்குளத்தில் ரயில் புறப்படுகிற சத்தம் கேட்டது. புளியங்குளத்தில் புகை மட்டும் தெரிந்தது. ஓமந்தைப் பக்கம் வரும்போது ரோட்டின் குறுக்கே கேற் பூட்டிக் கிடந்தது. செல்லத்துரை எஞ்சினை நிற்பாட்டினான். எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே, பத்து யார் தூரத்தில், அதே ரயில் ரோட்டைக் கடந்தது.

மூன்றாவது பெட்டி. கத்தரிப்பூச் சேலை. இந்த முறை அவள் வெளியே பார்க்கவில்லை. எதிரே இருந்த ஒரு பெண் ஏதோ சொல்ல, தவமணி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. போன வருடப் பயணத்தில் பார்த்திருக்கலாம். தகப்பன் செத்த பிறகு ஒரு நாளும் இல்லை. கேற் திறந்தபோது என் கோபம் எங்கேயோ போய்விட்டது. மற்றது, அந்தப் பயம், அது போகவில்லை. நான் இல்லாமலும் அவளால் சிரிக்க முடிகிறது என்ற பயம்.

"எடுங்கோ" என்று செல்லத்துரை சீற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு சேட்டை எறிந்தான். "உந்தக் கோலத்தோடை போய்த்தான் மனிசியைக் கும்பிடப்போறியளோ?"

சேட் எனக்கு இரண்டு சைஸ் சின்னது. போட்டுக்கொண்டேன்.

யன்னலடியில்

வவுனியாவில் எஞ்சின் தண்ணீர் எடுக்கும். அந்த ஒரு காரியம்தான் என்னைக் காப்பாற்றியது. லொறி நிற்க முதலே குதித்து, வாசலில் நின்றவர் "ஐயா, ரிக்கற்!" என்று கத்தக் கத்த உள்ளே ஓடினேன்.

யன்னலுக்குக் கீழே போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. தவமணி குனிந்து பார்த்தாள். முதலில் என் கால். பிறகு சேட். கடைசியாக முகம்.

வழியெல்லாம் நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த சொல் "இறங்கும்" என்பதுதான். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது வேறு.

"உதுக்குள்ளை எனக்கும் ஒரு இடம் இருக்கோ?"

மேடையில் வடை விற்கிறவர் இரண்டு தரம் எங்களைக் கடந்து போனார்.

"ரிக்கற் எடுத்தியளோ?"

"இல்லை."

"எடுத்துக்கொண்டு வாங்கோ." யன்னலால் தன் பேர்ஸை நீட்டினாள்.

ஓடினேன். ரிக்கற் கொடுக்கிற யன்னலில் தலையை நீட்டியபோதுதான் விளங்கியது, எந்த ஊருக்கென்று எனக்குத் தெரியாது! வரிசையில் நின்றவர்கள் சிரிக்கத் திரும்பி ஓடினேன்.

"தவமணி, எங்கை போறம்?"

அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியாத ஒரு அசைவு.

"பட்டிப்பொலை" என்றாள்.

அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. ரிக்கற்றோடு வந்து ஏறும்போது ரயில் நகரத் தொடங்கிவிட்டது.

எதிரே இருந்த பெண் எழுந்து எனக்கு இடம் தந்துவிட்டுத் தள்ளி இருந்தாள். வவுனியாக் குளம் பின்னால் போய்க் காடு வந்தது.

"நீங்கள் வருவியள் எண்டு நான் நினைக்கேல்லை" என்றாள் தவமணி. "உங்கடை உடுப்பு ஒண்டும் எடுத்துக்கொண்டு வரேல்லை. நான் தனியத்தான் போக வெளிக்கிட்டனான்."

"தெரியும்."

"நாளைக்குப் பெரியவர் வருவார். இப்பவும் மதவாச்சியிலை இறங்கினால் பின்னேரத்துக்கிடையிலை வீட்டை போயிடலாம். போறதெண்டால் போங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். மதவாச்சி வந்தது. ரயில் நின்றது. மேடையைப் பார்த்தேன். தலைவர் கதிரை அந்த மேடையில்தான் போட்டிருப்பதுபோல இருந்தது எனக்கு. பொய் சொல்லக்கூடாது, கால் ஒருமுறை அசைந்தது. ரயில் புறப்பட்டது.

"பட்டிப்பொலையிலை என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா செத்தது அங்கைதான்."

அவளுக்கு ஏழு வயதில் தாய் இறந்ததென்று எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. தகப்பனார் அப்போது பட்டிப்பொலை ஸ்ரேசனில் இருந்தாராம். தாய்க்கு நிமோனியாக் காய்ச்சல். இரண்டே நாள். அடுத்த மாதமே அவர் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஊரின் பெயரை வீட்டில் எடுக்கவிடவில்லை.

"அப்பு இருக்கும்வரைக்கும் அங்கை போகப்போறன் எண்டு சொல்லேலாது. அவருக்கு மனம் நோகும். இப்ப அவரும் இல்லை. இந்த முறை உங்களிட்டைச் சொல்லுவம் எண்டு இருந்தனான்." அவள் வெளியே பார்த்தாள். "நீங்கள் எங்கை போவம் எண்டு கேக்கேல்லை. அடுத்த மாதம் எண்டு சொல்லிப்போட்டியள்."

நான் அவள் கையைப் பிடித்தேன். ரயிலில், பகலில், ஆட்களுக்கு முன்னால். அந்தக் காலத்தில் அது சின்ன விசயமில்லை.

நல்ல மண்

பொல்காவலையில் அவள் தகப்பனாரின் பழைய சிநேகிதர் வீட்டில் தங்கி, அடுத்த நாள் மலை ரயில் ஏறினோம். மேலே ஏற ஏறக் குளிர். இலங்கையிலேயே ஆக உயரத்தில் இருக்கிற ஸ்ரேசனில், சாரத்தோடும் இரண்டு சைஸ் சின்னச் சேட்டோடும் நான் இறங்கினேன். என் பல் தந்தியடித்தது. அங்கிருந்த ஒரு சிங்களப் போர்ட்டர் என்னைப் பார்த்துப் பயந்துபோய்த் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தந்தார்.

தவமணி அவரோடு நெடுநேரம் கதைத்தாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்தே ஐந்து வருடம்தானாம். பிறகு அவள் தானாகவே நடந்தாள். குவாட்டஸின் பின்பக்கம், ஒரு நீரோடை, ஒரு சரிவு. "அம்மாவைப் புதைக்க இதாலைதான் கொண்டு போனவை" என்றாள். "நான் யன்னலாலை பார்த்துக்கொண்டு நிண்டனான். என்னை விடேல்லை."

சரிவு முடிந்த இடத்தில் நினைவுக்கல்லோ மேடையோ ஒன்றும் இல்லை. மரக்கறித் தோட்டம் இருந்தது. நேர் நேராக லீக்ஸ் பாத்திகள். மேலே மெல்லிய பனிப்புகார் ஊர்ந்துகொண்டிருந்தது.

தவமணி அப்படியே நின்றாள். எவ்வளவோ வருடம் மனதுக்குள் வைத்திருந்த இடம். வந்து பார்த்தால் லீக்ஸ்.

பெரியவருக்கென்று நாலு பக்கம் எழுதியவன்தான் நான். அங்கே ஒரு சொல்லும் வரவில்லை. வயலில் செய்வதைத்தான் செய்தேன். குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினேன். கறுப்பு மண், ஈரமான மண், கையில் பிசைந்தால் பஞ்சுபோல இருந்தது.

"நல்ல மண்" என்றேன்.

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டேன் என்று பயந்தேன். தவமணி என் கையைப் பார்த்தாள். குனிந்து தானும் ஒரு பிடி எடுத்தாள். விரல்களுக்குள் வைத்து நசித்தாள். அவளும் பன்னிரண்டு வருடமாக மண்ணோடு சீவிக்கிறவள்தானே.

"ஓம்" என்றாள். "நல்ல மண்தான்."

பிறகு அழுதாள். நான் போர்ட்டரின் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றேன். தோட்டக்காரன் தூரத்தில் நின்று பார்த்தான். கிட்ட வரவில்லை. போகும்போது தவமணி அவனிடம் இரண்டு லீக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் முழுக்க நாங்கள் நன்றாகவே ஊர் சுற்றினோம். நுவரெலியாவில் குதிரை பார்த்தோம். எனக்கு ஒரு கம்பளிச் சுவெற்றர் வாங்கினோம். கிளிநொச்சி வெயிலில் அதை நான் ஒரு நாளும் போட்டதில்லை.

சங்கக்கடை

இரவு ரயில் பிடித்து, நாலாம் நாள் பின்னேரம் வீட்டுப் படலையைத் திறந்தோம். பிள்ளைகள் ஓடி வந்து சூட்கேஸைப் பறித்தார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தா, தவமணியின் முகத்தைப் பார்த்தா, தேத்தண்ணி போட உள்ளே போனா.

பெரியவர் சொன்ன நாளில் வந்துவிட்டுப் போயிருந்தார். நான் எங்கே என்று தேடி வந்த கந்தையா அண்ணனிடம் அக்கா என் நாலு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறா. அவர் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தாராம். பெரியவருக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டதாம். வாய்க்காலுக்குச் சீமெந்து வந்தது. கந்தையா அண்ணன் தலைவரானார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அவர்தான் தலைவர்.

எனக்குக் கவலையே இல்லை என்று எழுதினால் தவமணியே சிரிப்பாள். இரண்டு மூன்று வருடம் அந்தக் கதிரையைக் காணும்போதெல்லாம் மனம் கொஞ்சம் கசந்தது. பிறகு கசக்கவில்லை. அவர் நல்ல தலைவர். நான் இருந்திருந்தால் கூட்டத்துக்குக் கூட்டம் நாலு பக்கம் வாசித்திருப்பேன்.

வந்த மறுநாள் காலை சீனி வாங்கக் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். செல்லத்துரையின் லொறி எனக்கு முதலே ஊருக்கு வந்துவிட்டது என்று உள்ளே கால் வைத்ததும் விளங்கிவிட்டது. எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மூட்டைக்கு மேல் இருந்த ஒருவர், என் வயதுக்காரர்தான், குரலைக் கனைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்:

"என்ன காணும், பெரியவரையும் விட்டிட்டு மனிசிக்குப் பின்னாலை வவுனியா வரைக்கும் ஓடினீராம், உண்மையோ?"

நிறுத்துக்கொண்டிருந்தவரின் கை தராசில் அப்படியே நின்றது.

"ஓம், ஓடினனான்" என்றேன். "நல்ல காலம், பிடிச்சுப்போட்டன்."